கையால் கற்ற எகிப்து

நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஏறக்குறைய மூடப்படும் நிலைக்கு வந்துவிட்டது. 18 பிள்ளைகளோடு தொடங்கிய வகுப்பில் ஆறு பேரே எஞ்சினர். அவர்களும் பெற்றோர் கட்டாயத்திற்காக வந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவண்ணம் அமர்ந்திருந்தனர். வரும் பொதுக்குழுவில் வகுப்பை நிறுத்திவிடலாம் என்று சில அங்கத்தினர்கள் கருத்துத் தெரிவித்தனர். வங்காளத்து இரயில்வே நகரம் ஒன்றில், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் தெருவில் வங்காளியுமாக வளரும் குழந்தைகளுக்கு, அந்த வகுப்பைத் தவிரத் தமிழ் எழுத்தைக் கண்ணால் காண வேறு இடமில்லை என்பதை நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அதே மாதத்தில் நமது இல்லத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி. ஆறாம் வகுப்பில் படிக்கும் நமது மகள், சரித்திரத் தேர்வுக்காகப் பண்டைய எகிப்தைப் பற்றிய பாடத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அரசர் பெயர்களும் ஆண்டுகளும் மூச்சுவிடாமல் வந்தன. ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கியிருந்த நமது தாயார், “அந்த ஊரு எப்படி இருக்கும் கண்ணு? எனக்குச் சொல்லேன்” என்று கேட்டார். குழந்தை விழித்தாள். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. பேத்திக்குத் தமிழில் சொற்கள் இல்லை. உண்மையில், சொல்வதற்கு அவள் மனத்தில் படம் எதுவுமே இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கணம் நம்மை மிகவும் வருத்தியது.

அன்று இரவுதான், எகிப்தையே தமிழ் வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டால் என்ன என்று தோன்றிற்று. நாம் பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தோம்; ஆசிரியப் பயிற்சி பெற்றோமில்லை. ஆயினும், காது மறப்பதைக் கை மறவாது என்பதை அனுபவத்தில் அறிவோம். சங்கத்துத் தாய்மார் இருவர் உதவ முன்வந்தனர். பத்து ஞாயிறுகளில் நாம் செய்தவற்றை, பிற நகரங்களிலுள்ள குடும்பங்களுக்கும் பயன்படுமென்று கருதி, இங்கே எழுதுகிறோம்.

நைல் நதியும் ஏற்றமும்

முதல் வாரம் ஒரு பெரிய தகரத் தட்டில் நைல் நதியைச் செய்தோம். நடுவில் வாய்க்கால், அதன் இரு கரைகளிலும் தாழ்வாக வண்டல் மண், அதற்கப்பால் மேடாக வெறும் மணல். வாய்க்காலில் நீரை ஊற்றிக் கரை வழியச் செய்தோம். நீர் வடிந்ததும் வண்டலிலும் மணலிலும் கடுகு தூவினோம். அடுத்த ஞாயிறன்று வண்டலில் பச்சை நின்றது. மணல் மேடு வெறுமையாகவே கிடந்தது. எகிப்தியர் தம் நாட்டைக் கருநிலம் என்றும், பாலையைச் செந்நிலம் என்றும் ஏன் பிரித்து அழைத்தனர் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வெள்ளம், விதைப்பு, அறுவடை என நான்கு நான்கு மாதங்கள் கொண்ட மூன்று பருவங்களே அவர்களுடைய ஆண்டு. மாதத்திற்கு 30 நாள்; இறுதியில் ஐந்து நாள் கூட்டி 365. 1970-இல் அஸ்வான் பேரணை கட்டி முடிக்கப்பட்ட பின் எகிப்து வயல்களில் அந்த ஆண்டு வெள்ளம் பாய்வதில்லை என்பதையும் கூறினோம்.

வெள்ளம் வடிந்த பின் மேட்டு நிலத்துக்கு நீர் எவ்வாறு ஏறும்? இரண்டு கவைக் குச்சிகளை நட்டு, குறுக்கே ஒரு நீண்ட கழியைக் கட்டி, ஒரு முனையில் களிமண் உருண்டையும் மறு முனையில் நூலில் கட்டிய சிறு கிண்ணமும் தொங்கவிட்டோம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எகிப்தியக் கல்லறை ஓவியங்களில் இக்கருவி காணப்படுகிறது. வாயிற்படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த நமது தாயார் அதைக் கண்டவுடன் எழுந்து வந்துவிட்டார். “இது நம்ம ஏத்தம் அல்லவா! எங்க அப்பா இறைத்ததை நான் பார்த்திருக்கிறேனே” என்றார். அதன் பின் அரை மணி நேரம் வகுப்பை நடத்தியவர் அவர்தாம். துலா, சால், வாய்க்கால், மடை என்று ஒவ்வொரு சொல்லையும் பிள்ளைகள் கருவியைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார்கள். அன்றே நமக்கு நம்பிக்கை பிறந்தது.

காகிதமும் மையும்

நைல் கரையில் வளர்ந்த பப்பைரஸ் என்னும் நீர்த்தாவரத்தின் தண்டை மெல்லிய கீற்றுகளாகச் சீவி, நெடுக்காக ஓர் அடுக்கும் அதன்மேல் குறுக்காக ஓர் அடுக்கும் பரப்பி, அழுத்தி உலர்த்தினால், எழுதுவதற்குரிய தாள் கிடைக்கும். நமது பாய்களுக்கு உதவும் கோரையும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. நமக்குப் பப்பைரஸ் எங்கே கிடைக்கும்? பழுப்புக் காகிதத்தை இரண்டு விரல் அகலக் கீற்றுகளாகக் கத்தரித்து, நீர்த்த மைதாப் பசையில் தோய்த்து, முற்கூறிய முறையில் பரப்பி, துணியில் சுற்றிப் பழைய கணக்குப் புத்தகங்களின் கீழ் அழுத்தி வைத்தோம். இரண்டு நாளில் விறைப்பான தாள் உருவாயிற்று.

அவர்களுடைய கறுப்பு மை கரியும் வேலம்பிசினும் கலந்தது. சிவப்பு மை செங்காவி. விளக்குப் புகையை ஓட்டில் பிடித்து, பிசின் நீரில் குழைத்து மை செய்தோம். விளக்கருகே பெரியவர் ஒருவர் நிற்பது அவசியம். பாட்டிமார் கண்மை கூட்டிய முறை பாதி இதுவே என்று தாய்மார் சொல்லிச் சிரித்தனர். எகிப்திய எழுத்தர் உரையைக் கறுப்பிலும் தலைப்பைச் சிவப்பிலும் எழுதுவது வழக்கம். நம் பிள்ளைகளும் அவ்வாறே தேதியைச் சிவப்பில் இட்டார்கள்.

பெயரெழுதும் விளையாட்டு

எகிப்தியச் சித்திர எழுத்துக்கள் பல நூற்றாண்டுகள் எவராலும் படிக்கப்படாமல் கிடந்தன. 1799-இல் ரொசெட்டாவில் கிடைத்த கல்லில் ஒரே ஆணை சித்திர எழுத்திலும், மக்கள் வழக்கிலிருந்த விரைவெழுத்திலும், கிரேக்கத்திலும் பொறிக்கப்பட்டிருந்தது. அதனைத் துணையாகக் கொண்டு 1822-இல் சாம்போலியோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவ்வெழுத்தின் மர்மத்தை விடுவித்தார். அவற்றுள் ஓரொலிக்கு உரியவை சுமார் 24. ஆந்தை ‘ம்’, நீரலை ‘ன்’, வாய் ‘ர்’, கூடை ‘க்’, கை ‘ட்’, பாதத்தோடு கூடிய கால் ‘ப்’. இவற்றைப் பலகையில் வரைந்து, அவரவர் பெயரை எழுதச் சொன்னோம்.

உடனே ஒரு சச்சரவு எழுந்தது. எகிப்தியர் உயிரொலிகளை எழுதுவதில்லை. ஆகவே ‘மீனா’ என்று எழுதினாலும் ‘மணி’ என்று எழுதினாலும் ஆந்தையும் நீரலையுமே வருகின்றன! “என் பெயரை அவன் எடுத்துக்கொண்டான்” என்று ஒரே கூச்சல். எகிப்தியர் இதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தனர். சொல்லின் முடிவில், ஒலியில்லாத ஒரு சித்திரத்தைச் சேர்ப்பார்கள். ஆண் பெயராயின் அமர்ந்த ஆடவன், பெண் பெயராயின் அமர்ந்த மாது. வழக்கு தீர்ந்தது. அப்பொழுது ஒரு சிறுவன், “தமிழில் சுழியும் காலும் போட்டாலே போதுமே” என்றான். கொம்பையும் சுழியையும் தொல்லையென்று நினைத்த பிள்ளைகள், அவை எதற்காக இருக்கின்றன என்பதை அன்றுதான் அறிந்துகொண்டனர். ஓராண்டு நாம் சொல்லி விளங்காததை ஆந்தையும் நீரலையும் விளக்கிவிட்டன.

சரக்குக் கணக்கு

எண்களும் சித்திரங்களே. ஒன்றுக்குக் கோடு, பத்துக்கு மாட்டுத் தளை, நூற்றுக்குக் கயிற்றுச் சுருள், ஆயிரத்துக்குத் தாமரை, பதினாயிரத்துக்கு விரல், இலட்சத்துக்குத் தலைப்பிரட்டை, பத்து இலட்சத்துக்கு இரு கைகளையும் உயர்த்திய தெய்வம். பெருக்கலுக்கு அவர்கள் வாய்பாடு மனனம் செய்ததில்லை, இரட்டித்துக்கொண்டே போவார்கள். மூட்டைக்கு 24 கிலோ வீதம் 13 மூட்டைகளின் எடை என்ன? ஒன்றுக்கு 24, இரண்டுக்கு 48, நான்குக்கு 96, எட்டுக்கு 192. ஒன்றும் நான்கும் எட்டும் சேர்ந்தால் 13. ஆகவே 24, 96, 192 மூன்றையும் கூட்ட 312. இதைச் சித்திரத்தில் எழுத மூன்று கயிற்றுச் சுருள், ஒரு தளை, இரண்டு கோடு போதும். கணக்கென்றால் அழும் பிள்ளைகள்கூட இதை விளையாட்டாகச் செய்தனர்.

அடுத்தது பாரம் இழுத்தல். கூபு மன்னனின் பெரிய பிரமிடு முதலில் 146 மீட்டர் உயரம் இருந்தது. அதிலுள்ள கற்கள் சுமார் 23 இலட்சம் என மதிப்பிடுகின்றனர். மன்னர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய ஜெகுதிஹோடெப் என்பவரின் கல்லறை ஓவியத்தில், மாபெரும் சிலையைச் சறுக்கு வண்டியில் பலர் இழுக்க, ஒருவர் அதன் முன்னே நீர் வார்க்கும் காட்சி உள்ளது. அந்நீர் எதற்கு? ஒரு தட்டில் மணல் பரப்பி, செங்கல் கட்டிய பலகையைச் சுருள்வில் தராசால் இழுத்துப் பார்த்தோம். உலர்ந்த மணல் பலகையின் முன்னே குவிந்து தடுத்தது. சிறிது நீர் தெளித்ததும் பலகை எளிதில் நகர்ந்தது. தராசின் முள்ளே சாட்சி. நீரை மிகுதியாக ஊற்றிய போதோ சேறாகி மீண்டும் கனத்தது. 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதனையே கண்டனர்: தக்க அளவு ஈரம் இழுவிசையைப் பாதியாகக் குறைக்கும்.

மம்மி

இதற்குத்தான் பிள்ளைகள் காத்திருந்தனர். இதில்தான் நாம் தோற்றோம். எகிப்தியர் நேட்ரான் என்னும் இயற்கை உப்பில் உடலை மூடி ஈரத்தை வற்றச்செய்து, பின் துணி சுற்றினர். எல்லாம் சேர்ந்து 70 நாள். ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றைத் தனித்தனியே பதப்படுத்தினர். இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டனர், அறிவு அங்கே குடியிருக்கிறதென்று நம்பியதனால். நாம் கால் துண்டு ஆப்பிளை, சம அளவு உப்பும் சமையல் சோடாவும் கலந்த கலவையில் புதைத்து, திறந்த கிண்ணத்தில் வைத்தோம். வங்காளத்து மழைக்காலம்! உப்பு கசிந்து நீராயிற்று, ஆப்பிள் அழுகிற்று. துர்நாற்றத்தால் காரியதரிசியிடம் பேச்சுக் கேட்டோம்.

மறுமுறை கலவையை வாணலியில் வறுத்து ஆறவைத்து, மூடியுள்ள புட்டியில் துண்டு முற்றும் மறையுமாறு இட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை புதுக்கலவை மாற்றினோம். இரண்டு வாரத்தில் துண்டு சுருங்கி, தோல்போலாகி, எடையில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. (அதை உண்ணலாகாது.) எகிப்தின் வறண்ட காற்று செய்த உதவி எவ்வளவு என்பதை அந்தத் தோல்வியே கற்பித்தது. இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் மம்மியில் மூக்கினுள் மிளகு வைக்கப்பட்டிருந்ததைச் சொன்னபோது, மிளகு விளைந்தது தென்னிந்தியாவில் அல்லவா என்று பிள்ளைகள் வியந்தனர்.

பின்னர் ஒருநாள் ஹௌரா சென்று, கொல்கத்தாவில் 1814-இல் நிறுவப்பட்ட இந்திய அருங்காட்சியகத்தில் உள்ள மம்மியைக் காட்டினோம். அது ஒரு மனிதரின் உடல். ஆகவே அமைதி காக்க வேண்டுமென்று முன்பே சொல்லியிருந்தோம். ஒரு சிறுமி மட்டும் நம் சட்டையைப் பிடித்து, “இவரை எப்பொழுது ஊருக்கு அனுப்புவார்கள்?” என்று மெல்லக் கேட்டாள். உடன் வந்த பெற்றோர் எவரும் பதில் சொல்லவில்லை.

வருகைப் பதிவேடு

பிரமிடுகளை அடிமைகள் சாட்டையடிபட்டுக் கட்டினர் என்பதே பலரும் கேட்ட கதை. 1990 முதல் கீசாவில் அகழப்பட்ட தொழிலாளர் கல்லறைகளும், அருகிலிருந்த குடியிருப்பும் வேறு செய்தி கூறுகின்றன. அங்கே ரொட்டி அடுப்புகள் இருந்தன. முறிந்து, சிகிச்சைக்குப் பின் கூடிய எலும்புகளும் கிடைத்தன. 2013-இல் செங்கடற்கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்னுமிடத்தில் கிடைத்த பப்பைரஸ் ஏடுகளில் மெரெர் என்னும் மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு உள்ளது. கூபுவின் பிரமிடுக்காகத் தூரா கற்சுரங்கத்திலிருந்து படகில் சுண்ணக்கல் ஏற்றிச் சென்றதை அவர் நாள்வாரியாகக் கட்டமிட்டு எழுதியிருக்கிறார். வயது சுமார் 4,500 ஆண்டு. நாமும் சரக்குப் பதிவேடு எழுதிப் பிழைப்பவரே. அந்தக் கட்டங்களின் படத்தைக் கண்டபோது, முன்பின் அறியாத ஒரு சக ஊழியரைச் சந்தித்ததுபோல் இருந்தது.

இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வருகைப் பதிவு ஒன்று சுண்ணாம்புக் கல் தகட்டில் எழுதப்பட்டு, இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசர் கல்லறைகளை அமைத்த தொழிலாளரின் விடுப்புக் காரணங்கள் அதில் உள்ளன: நோய், கண் வலி, தேள் கடி, மது காய்ச்சுதல், தாயின் உடலுக்குத் துணி சுற்றுதல். நம் வகுப்புக்கும் அதுபோலொரு பதிவேடு வைத்தோம். வராதவர் காரணத்தைத் தம் கையால் தமிழில் எழுத வேண்டும். ‘மாமா வந்தார்’, ‘கால்பந்து’, ‘தூங்கிவிட்டேன்’ என்றெல்லாம் பதிவாயிற்று. வருகை குறைந்ததா? இல்லை. மற்றவர் என்ன எழுதியிருக்கிறார் என்று படிக்கும் ஆவலிலேயே பலர் வந்தனர்.

இரு பெயர்கள்

கடைசி ஞாயிறன்று ஆளுக்கு ஓர் ஓட்டுச்சில்லு கொடுத்தோம். தாள் அரிதாகையால் எகிப்தியர் உடைந்த பானையோடுகளில் குறிப்பெழுதினர் என்று சொல்லி, பின் ஒரு செய்தியைக் கூறினோம். எகிப்தின் செங்கடல் துறைமுகமாயிருந்த குசேர் அல்-காதிமில் கிடைத்த பானையோடுகளில், ஏறக்குறைய முதல் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ் பிராமி எழுத்துக்கள் இருக்கின்றன. ஒன்றில் ‘கணன்’ என்றும் மற்றொன்றில் ‘சாத்தன்’ என்றும் பெயர்கள். பிறகு கிடைத்த வேறோர் ஓட்டில் ‘பானை ஒறி’ என்று எழுதியிருப்பதாக அறிஞர் படித்துள்ளனர். பானை தொங்கும் உறி என்பது பொருள். உறியென்றால் என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நமது தாயார் சணல் கயிற்றில் ஒன்றைப் பின்னித் தொங்கவிட்டுக் காட்டினார்.

அந்தக் கணனும் சாத்தனும் யார், ஊர் திரும்பினரா என்று எந்த ஏடும் சொல்லவில்லை. வேற்று மண்ணில், தம் பண்டத்தின்மேல், தம் எழுத்தில் பெயர் எழுதி வைத்தார்கள். அதனால்தான் இன்று நாம் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். இதைக் கேட்டபின் பிள்ளைகளிடம், “உங்கள் ஓட்டில் எந்த எழுத்தில் வேண்டுமானாலும் பெயரெழுதலாம்” என்றோம். சிலர் சித்திர எழுத்தில் எழுதினர். இருவர் ஆங்கிலத்தில் எழுதினர். மற்றவர்கள் தமிழில் எழுதினார்கள். எவரையும் நாம் திருத்தவில்லை.

பொதுக்குழு கூடியபோது வகுப்பில் 11 பேர் இருந்தனர். வகுப்பை இன்னும் ஓராண்டு நடத்துவதென முடிவாயிற்று. 11 என்பது 18 அன்று. அதை நாம் அறிவோம். ஆயினும் அன்றிரவு நமது இல்லத்தில், மகள் பாட்டியின் அருகே படுத்துக்கொண்டு, “அந்த ஊர் ஆறு கரை மீறும் பாட்டி. வடிந்த பிறகு மண் கறுப்பாகிவிடும். அப்புறம் ஏத்தம் போட்டு மேட்டுக்குத் தண்ணீர் இறைப்பார்கள்…” என்று சொல்லிக்கொண்டிருந்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டோம். சொல் தடுமாறிய இடங்களில் பாட்டி எடுத்துக்கொடுத்தார்.

அன்பர்களே! மேற்கூறிய யாவற்றுக்கும் வேண்டியவை மண், மணல், பழுப்புக் காகிதம், உப்பு, சோடா, உடைந்த ஓடு ஆகியவையே. அவற்றோடு, ஊரிலிருந்து வந்து உங்கள் வீட்டில் பொழுது போகாமல் அமர்ந்திருக்கும் ஒரு பாட்டியையோ தாத்தாவையோ வகுப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் எகிப்தைக் கண்டதில்லை; ஆனால் ஏற்றத்தையும் உறியையும் கண்டவர்கள்.